பெப்டைடு தூளை பாக்டீரியோஸ்டாட்டிக் நீரில் கரைப்பது: ஆய்வகத்துக்கான முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் புது மாணவர்கள் வருகிறார்கள். வந்த இரண்டாவது வாரமே யாராவது ஒருவர், "அக்கா, பெப்டைடைக் கரைச்சுட்டேன்" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து நிற்பார். எதில் கரைத்தாய், எவ்வளவு ஊற்றினாய், அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மூன்றாவது கேள்வியில் சிரிப்பு போய்விடும். தண்ணீர் ஊற்றுவது ஐந்து நிமிட வேலைதான். அதற்கு முன்னால் அரை மணி நேரக் கணக்கும் பின்னால் ஒரு மணி நேரப் பங்கிடலும் இருக்கின்றன. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி; எங்களுக்கு உலர்ந்த தூளாக வரும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது செல், என்சைம் போன்ற ஆய்வக வேலைகளுக்கு மட்டும். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஜிம்முக்குப் போகும் பையன் ஒருவன் இணையத்தில் வாங்கிய குப்பியைக் காட்டி, இதையும் இப்படித்தானே கலக்க வேண்டும் என்று கேட்டான். இல்லை. 'ஆய்வுக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டி வருவது மருந்தே இல்லை. அதற்குக் கிருமிநீக்கமோ, எண்டோடாக்சின் எனும் பாக்டீரியா நச்சுக்கான சோதனையோ நடந்திருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் கிடையாது. உடம்பில் ஏற்றிக்கொள்ள இந்த வழிகாட்டியைப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று: ஆங்கிலத்தில் வயல் என்பதை நான் குப்பி என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் படிப்பவருக்கு நெல்தான் கண்ணுக்கு வரும்.

1. இந்த நீர் உங்களுக்குத் தேவைதானா?

பாக்டீரியோஸ்டாட்டிக் நீர், பேச்சுவழக்கில் பேக் வாட்டர், கிருமிநீக்கிய தண்ணீரில் 0.9% பென்சைல் ஆல்கஹால் சேர்த்தது. அதாவது ஒரு மி.லி.யில் 9 மி.கி. ஊசி குத்தி எடுக்கும்போது தவறிப் புகுந்த பாக்டீரியா பெருகாமல் அது தடுக்கும். உள்ளே போனதையெல்லாம் கொன்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரே குப்பியிலிருந்து பல நாட்கள் பலமுறை எடுக்க வேண்டியிருப்பவர்களுக்காக வந்த ஏற்பாடு இது.

புதியவர்கள் இதைப் பெப்டைடுக்கான பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெப்டைடு ஆக்சிஜனேற்றம் அடைவதையோ, நீரால் சிதைவதையோ, கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதையோ பென்சைல் ஆல்கஹால் தடுப்பதில்லை. ஆகவே எல்லாவற்றையும் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை எடுக்கப் போகிறீர்கள் என்றால், சாதாரணக் கிருமிநீக்கிய நீரே போதும். ஒரு வாரத்துக்குத் தினமும் 4 டிகிரி ஃப்ரிட்ஜிலிருந்து அதே குப்பியை எடுக்கப் போகிறீர்களா? அப்போது பேக் வாட்டருக்கு அர்த்தம் இருக்கிறது.

சில வேலைகளுக்கு இது ஆகவே ஆகாது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடு ஒன்றை இதில் கரைத்து, ஈ. கோலை வளர்ப்புத் திரவத்தில் படிப்படியாகப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போனாள். மறுநாள் தட்டில் முதல் இரண்டு குழிகள் கண்ணாடிபோலத் தெளிவு, மூன்றாவதிலிருந்து கலங்கல். பெப்டைடு வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு பெப்டைடே இல்லாத வெறும் பேக் வாட்டரை அதே மாதிரி நீர்த்துப் பார்க்கச் சொன்னேன். அதிலும் முதல் இரண்டு குழிகள் தெளிவு! முதல் குழியில் 0.45%, இரண்டாவதில் 0.225% பென்சைல் ஆல்கஹால் இருந்தது. ஈ. கோலையை நிறுத்த 0.2% அளவே போதும். பாக்டீரியாவைத் தடுக்கும் பொருளில் கரைத்துவிட்டுப் பாக்டீரியா வளரவில்லை என்று எழுதப் பார்த்திருக்கிறோம்.

புற ஊதா ஒளியில் அளவிடுபவர்களும் கவனிக்க வேண்டும். பென்சைல் ஆல்கஹாலில் பென்சீன் வளையம் இருக்கிறது. 257 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாக உறிஞ்சும். கரைசலில் உள்ள பொருட்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு சிகரமாகக் காட்டும் எச்பிஎல்சி கருவியில், 214 நானோமீட்டரில் பார்த்தால் உங்கள் பெப்டைடை ஓரங்கட்டும் அளவுக்குப் பெரிய சிகரமாக வந்து நிற்கும்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

பெப்டைடு குப்பி, அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணுக்கான பகுப்பாய்வுச் சான்றிதழ், பேக் வாட்டர், கிருமிநீக்கிய பாலிப்ரொப்பிலீன் சிரிஞ்சு அல்லது பிப்பெட், பெப்டைடு அதிகம் ஒட்டாத வகைச் சிறு குழாய்கள், 70% ஆல்கஹால், உறைகுளிரில் உரியாத லேபிள், துல்லியத் தராசு, கையுறை. பாலிஸ்டைரீன் வேண்டாம். பென்சைல் ஆல்கஹால் அதோடு ஒத்துப்போகாது.

நீரின் லேபிளை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பாக்டீரியோஸ்டாட்டிக் நீர் என்று ஒன்று, பாக்டீரியோஸ்டாட்டிக் சோடியம் குளோரைடு என்று இன்னொன்று, இரண்டுமே 30 மி.லி. குப்பியில் வருகின்றன. முதலாவதில் உள்ள 0.9 பென்சைல் ஆல்கஹால். இரண்டாவதில் உப்பும் 0.9, பென்சைல் ஆல்கஹாலும் 0.9. அவசரத்தில் 0.9 என்ற எண்ணை மட்டும் பார்த்து எடுப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் உப்பு இருந்தால் சில பெப்டைடுகள் கரையாமல் திரிந்துவிடும்.

நீர்க் குப்பியை முதன்முதலாகக் குத்திய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். அன்றிலிருந்து 28 நாள். அதன்பின் மீதம் எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். இந்த 28 நாள் நீருக்கான கெடு. கரைத்த பெப்டைடு 28 நாள் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த இரண்டையும் குழப்பாத மாணவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

3. குப்பியைத் தொடுவதற்கு முன் கணக்கு

சான்றிதழில் மூன்று எண்களைத் தேடுங்கள்: தூய்மை, நிகரப் பெப்டைடு அளவு, மூலக்கூறு எடை.

தூய்மை 98% என்றால் தூளில் 98% பெப்டைடு என்று அர்த்தமில்லை. எச்பிஎல்சி-யில் தெரிந்த சிகரங்களுக்குள் சரியான பெப்டைடின் பங்கு 98% என்றுதான் அர்த்தம். தூளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரமும் உப்பும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவற்றைக் கழித்துவிட்டுச் சொல்வதுதான் நிகரப் பெப்டைடு அளவு.

பிராடிகைனின் என்ற பெப்டைடை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அமினோ அமிலங்கள், மூலக்கூறு எடை 1060.2. இதில் நேர்மின்னூட்டம் ஏறும் இடங்கள் மூன்று: இரண்டு முனைகளிலும் உள்ள ஆர்ஜினின்கள் இரண்டு, தொடக்கத்தில் உள்ள அமினோ முனை ஒன்று. தயாரிப்பில் டிஎஃப்ஏ எனும் ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் பயன்படுவதால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு டிஎஃப்ஏ உட்கார்ந்துகொள்ளும். ஒன்றின் எடை 114, மூன்றுக்கு 342. ஆக, நீங்கள் வாங்கும் உப்பின் எடை ஏறத்தாழ 1402, அதில் பெப்டைடு 75.6% மட்டுமே. கொஞ்சம் ஈரத்தையும் சேர்த்தால் சான்றிதழில் 72% என்று இருப்பதில் வியப்பே இல்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று கோபப்பட வேண்டாம்.

இப்போது கணக்கு. குப்பியில் தூள் 5 மி.கி., நிகர அளவு 72%, தேவை 2 மில்லிமோலார் கரைசல்.

5 × 0.72 = 3.6 மி.கி. பெப்டைடு.
3.6 ÷ 1060.2 = 0.003396 மில்லிமோல், அதாவது 3.396 மைக்ரோமோல்.
3.396 ÷ 2 = 1.70 மி.லி. நீர்.

72%-ஐ மறந்தால் 2.36 மி.லி. ஊற்றியிருப்பீர்கள். லேபிளில் 2 மில்லிமோலார் என்று இருக்கும், உள்ளே இருப்பது 1.44. அந்தக் குப்பியிலிருந்து போகும் ஒவ்வொரு அளவும் 28% குறைவு. வரைபடம் அழகாகத்தான் வரும். இடம் மட்டும் மாறியிருக்கும். அதனால்தான் இந்தத் தவறு மாதக்கணக்கில் பிடிபடாமல் போகிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் நிகரப் பெப்டைடையே 5 மி.கி. என்று நிறுத்துத் தருகிறார்கள். அங்கே மறுபடி 0.72-ஆல் பெருக்கினால் இரட்டைக் கழிவு. உப்பின் மூலக்கூறு எடையான 1402-ஐப் போட்டுவிட்டு நிகர அளவாலும் பெருக்கினால் அதே கதை. சந்தேகம் இருந்தால் லாட் எண்ணைச் சொல்லி விற்றவரிடமே கேளுங்கள்.

கணக்கை நோட்டில் எழுதி இன்னொருவரிடம் காட்டிவிட்டுத்தான் எங்கள் ஆய்வகத்தில் ஃப்ரீசரைத் திறக்க விடுவேன். கெடுபிடி என்று பெயர், இருக்கட்டும்.

4. கரையுமா என்று காகிதத்திலேயே பார்ப்பது

வரிசையை எழுதி மின்னூட்டம் எண்ணுங்கள். லைசின், ஆர்ஜினின், அமினோ முனை ஒவ்வொன்றுக்கும் +1. அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், கார்பாக்சில் முனை ஒவ்வொன்றுக்கும் −1. ஹிஸ்டிடினுக்கு அமிலத்தன்மை கூடினால்தான் மின்னூட்டம் வரும். பிராடிகைனினுக்குக் கூட்டிப் பார்த்தால் +2. தண்ணீரில் சிரமமில்லாமல் கரையும்.

முனைகள் அடைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னால் அசிட்டைல், பின்னால் அமைடு என்று இருந்தால் அந்த முனைக்கு மின்னூட்டம் கிடையாது. பலர் இதைக் கவனிக்காமல் எண்ணிவிடுகிறார்கள்.

மொத்தம் எதிர்மின் பக்கம் வந்தால் யோசியுங்கள். பேக் வாட்டர் லேசான அமிலப் பக்கம் இருப்பது. அமிலப் பெப்டைடுகள் அதில் அடம் பிடிக்கும். அவற்றுக்கு நீர்த்த அம்மோனியம் பைகார்பனேட் நல்லது. பாதிக்கு மேல் எண்ணெய்த்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் என்றால் முதலில் டிஎம்எஸ்ஓ எனும் கரிமக் கரைப்பான் கொஞ்சம், பிறகு சொட்டுச் சொட்டாக நீர். ஆனால் சிஸ்டீனோ மெத்தியோனினோ இருந்தால் டிஎம்எஸ்ஓ வேண்டாம், ஆக்சிஜனேற்றம் நடக்கும்.

நீளமான பெப்டைடுகளில் இன்னொரு சிக்கல், பென்சைல் ஆல்கஹாலே சிலவற்றைத் திரளச் செய்யும். ஆகவே ஒரே ஒரு விலையுயர்ந்த குப்பிதான் கையில் இருக்கிறது, முன்பின் கரைத்ததில்லை என்றால், வெறும் கிருமிநீக்கிய நீரில் தொடங்குங்கள். அது சரிவரவில்லை என்றால் மறுபடி உறைஉலர்த்தித் தூளாக்கிவிடலாம். பென்சைல் ஆல்கஹாலின் கொதிநிலை 205 டிகிரி. தண்ணீர் மாதிரி அவ்வளவு எளிதில் விட்டுப் போகாது.

5. குப்பியை அறை வெப்பத்துக்குக் கொண்டுவருவது

டர்பனில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. பிப்ரவரி மாதம் −20 டிகிரி ஃப்ரீசரிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி முதலில் மங்கும், பிறகு சொட்டுச் சொட்டாக வியர்க்கும். விரலால் துடைத்தால் அரை நிமிடத்தில் மறுபடி வியர்க்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் வெளியே நடப்பதுதான் உள்ளேயும் நடக்கும். பஞ்சுபோல இருந்த வெள்ளைத் தூள் சுருங்கி, அடியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

மூடியபடியே, சிலிக்கா ஜெல் உள்ள உலர்கலத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். ஏசி அறையில் வேலை செய்கிறோமே என்பவர்களுக்கும் இதேதான். வெளியே எடுத்துக் கண்ணாடியில் வியர்வை இல்லை என்று பார்த்த பிறகு, சென்ட்ரிஃப்யூஜில் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். ரப்பர் மூடியில் ஒட்டிய தூள் கீழே இறங்கும். உள்ளே இருப்பதே சில மில்லிகிராம். மூடியோடு போனால் அது கணக்கில் இடிக்கும்.

தூளில் கொஞ்சம் மட்டும் நிறுத்து எடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நிலைமின்சாரத்தில் பறக்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும், தராசில் எண் நிற்காது. முழுக் குப்பியையும் ஒரேயடியாகக் கரையுங்கள்.

6. நீரைச் சேர்ப்பது

இரண்டு குப்பிகளின் ரப்பர் மூடிகளையும் 70% ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு குத்தினால் ஆல்கஹாலும் உள்ளே போகும். காய்கிற நேரத்தில்தான் அது கிருமியைக் கொல்கிறது. முடிந்தால் வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஹூடுக்குள்ளேயே செய்யுங்கள்.

சிரிஞ்சால் 1.70 மி.லி. எடுங்கள். இன்சுலின் சிரிஞ்சு என்றால் கோடுகள் யூனிட்டில் இருக்கும்; யு-100 வகையில் 100 யூனிட் என்பது 1 மி.லி. இதை 10 மி.லி. என்றும் 0.1 மி.லி. என்றும் படித்தவர்கள் உண்டு. சிரிஞ்சுக் கோட்டை நான் முழுதாக நம்புவதில்லை. குப்பியை நீர் சேர்க்கும் முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்க்கிறேன். 1.70 கிராம் கூடியிருந்தால் 1.70 மி.லி. போயிருக்கிறது. வித்தியாசம் இருந்தால் உண்மையில் போன அளவை வைத்துச் செறிவை மாற்றி எழுதிவிடுவேன்.

ஊசியின் சாய்ந்த வெட்டுப் பக்கம் மேலே பார்க்க, லேசாகச் சாய்த்துக் குத்துங்கள். நேராக அழுத்தினால் ரப்பரிலிருந்து சிறு துணுக்கு வெட்டுப்பட்டு உள்ளே விழும். உறைஉலர்த்திய குப்பிகள் பலவற்றில் உள்ளே வெற்றிடம் இருக்கும். ஊசி நுழைந்த கணமே சிரிஞ்சின் தண்டு தானாக உள்ளே ஓடும். புதியவர்கள் திடுக்கிட்டுக் கையை விடுவது இங்கேதான். நீர் பீய்ச்சி நேரே தூளில் அடித்து, நுரையாக எழும்பும். தண்டைக் கட்டைவிரலால் பிடித்து நிறுத்தி, ஊசி முனையைக் கண்ணாடிச் சுவரில் சாய்த்து, நீர் சுவர் வழியே வழிந்து இறங்கும்படி மெதுவாக விடுங்கள். வெற்றிடம் இல்லாத குப்பியாக இருந்தால் அதற்கு மாறாக உள்ளே அழுத்தம் கூடும். நீர் விட்டபின் அதே அளவு காற்றைச் சிரிஞ்சுக்குள் வரவிட்டு எடுத்துவிடுங்கள்.

7. கரையவிடுவது

உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை வைத்து மெதுவாக உருட்டுங்கள். குலுக்க வேண்டாம், வேகமாகச் சுழற்றிக் கலக்கும் வோர்டெக்ஸ் கருவியும் வேண்டாம். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில்தான் பெப்டைடு விரிந்து திரள ஆரம்பிக்கிறது. நுரை என்பது அந்தப் பரப்பைப் பல மடங்கு ஆக்குவது. பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விட்டாலே பெரும்பாலானவை கரைந்துவிடும்.

பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒருமுறை கறுப்புத் தாளின் முன்னும் ஒருமுறை வெள்ளைத் தாளின் முன்னும் பாருங்கள். கறுப்பில் வெண்துகள் தெரியும், வெள்ளையில் ரப்பர்த் துணுக்கு தெரியும். பால்போல மங்கலாக இருந்தாலோ ஜெல்லிபோல அசைந்தாலோ, குளிர்ந்த நீர்த்தொட்டியில் சில விநாடிகள் சோனிகேட் செய்து (ஒலி அலையால் அதிரவைத்து) பார்க்கலாம். சூடாக்காதீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தவறு நான்காம் படியில் நடந்திருக்கிறது. இன்னும் நீர் ஊற்றுவதால் சரியாகாது.

வடிகட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 0.22 மைக்ரான், பெப்டைடு குறைவாக ஒட்டும் சவ்வு. நைலான் கூடாது. 1.70 மி.லி.யில் வடிகட்டி கொஞ்சத்தை விழுங்கிவிடும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

8. பங்கிடுவது, லேபிள்

ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே ஒரு பங்கு. எங்களுக்கு 50 மைக்ரோலிட்டர் போதும். தினமும் எடுக்க வேண்டிய ஒரு வாரத்துக்கானதை மட்டும் 4 டிகிரியில் வைத்துக்கொண்டு, மற்றதை உடனே உறைய வைக்கிறோம். குழாயை நிரப்பிவிடாதீர்கள், உறையும்போது விரிய இடம் வேண்டும். உறைந்து உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

லேபிளில் பெயர், லாட் எண், செறிவு, தேதி, உங்கள் முதலெழுத்து. கூடவே கரைத்த திரவம். இந்தக் கடைசி ஒன்றை எழுதாதவர்கள்தான் அதிகம். ஆறு மாதம் கழித்து 'பிராடிகைனின் 2' என்று மட்டும் எழுதிய குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் பென்சைல் ஆல்கஹால் இருக்கிறதா இல்லையா என்று யாரைக் கேட்பது? சாதாரண மார்க்கரும் வேண்டாம். ஆல்கஹால் பட்ட கையுறையால் ஒருமுறை பிடித்தால் எழுத்து விரலோடு வந்துவிடும்.

9. ஃப்ரீசரும் லோட் ஷெடிங்கும்

தானாகப் பனி உருக்கும் வீட்டு வகை ஃப்ரீசர் இதற்கு உதவாது. பனி சேராமலிருக்க அது அவ்வப்போது தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். ஓரத்தில் இருக்கும் 50 மைக்ரோலிட்டர் ஒவ்வொரு முறையும் இளகி இறுகும்.

லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) காலத்தில் இரண்டு மணி நேரம், மோசமான நாட்களில் நான்கு மணி நேரம் என்று மின்சாரம் போகும். 2024 மார்ச்சுக்குப் பிறகு அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது, ஆனால் அப்போது பழகிய ஒன்றை நான் விடவில்லை. ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ஐம்பது சென்ட் நாணயத்தை வைத்துப் பெப்டைடு பெட்டிக்குப் பக்கத்தில் விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் நாணயம் பனிக்கு மேலேயே இருந்தால் சரி. பனிக்குள் அமிழ்ந்து உறைந்திருந்தால், வார இறுதியில் யாரும் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் இருந்ததை நம்பி நான் எதையும் செய்வதில்லை.

10. தட்டில் வைக்கும்போது

பெப்டைடு இல்லாத பேக் வாட்டருக்கென்று ஒரு கட்டுப்பாட்டுக் குழி, பெப்டைடை நீர்த்த அதே மடங்கில் நீர்த்து, ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். வெறும் வளர்ப்புத் திரவம் உள்ள குழி அதற்கு ஈடாகாது. பேக் வாட்டரில் பென்சைல் ஆல்கஹால் சுமார் 83 மில்லிமோலார். ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்தால் 83 மைக்ரோமோலார். நம் 2 மில்லிமோலார் பிராடிகைனின் அப்போது 2 மைக்ரோமோலார். அதாவது குழியில் பெப்டைடை விடப் பென்சைல் ஆல்கஹால் நாற்பது மடங்கு அதிகமாகவே இருக்கும். அது செல் சவ்வை இளக்கக்கூடிய பொருள் வேறு.

வெவ்வேறு அளவுகளில் பெப்டைடு கொடுக்கிறீர்கள் என்றால், எல்லாக் குழிகளிலும் பென்சைல் ஆல்கஹால் ஒரே அளவாக இருக்கும்படி பேக் வாட்டரைச் சேர்த்துச் சமன் செய்யுங்கள். பத்தில் ஒரு பங்கு நீர்த்தல்தான் உங்களுக்கு வசதி என்றால் குழியில் 8 மில்லிமோலாருக்கு மேல் பென்சைல் ஆல்கஹால் இருக்கும். அந்தப் பரிசோதனைக்கு இந்த நீர் வேண்டாம். முதல் படிக்குத் திரும்பிப் போய், வெறும் கிருமிநீக்கிய நீரில் புதுக் குப்பியைக் கரையுங்கள்.